முந்நூற்று நாலிலிருந்து பிரிட்ஜுக்கு: கேட்பதும் ஆடுவதும்

லிந்துலையிலிருந்து மெராயா பக்கம் போனாலும் சரி, தலவாக்கலை பக்கம் இறங்கினாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நாலு பேர் ஒரு கட்டுச் சீட்டோடு உட்கார்ந்திருந்தால் அங்கே நடப்பது பெரும்பாலும் முந்நூற்று நாலுதான். எதிரெதிரே இரண்டு ஜோடி, நாலு சீட்டை மட்டும் பார்த்துக் கேட்கும் கேள்வி, கவிழ்த்து வைத்த துரும்பு, வெட்டு விழும்போது எழும் சத்தம். இஸ்தோப்பில் உட்கார்ந்து இதைச் சிறுவயதிலேயே பழகிய ஒருவர் பிரிட்ஜுக்குப் புதியவர் அல்லர். ஜோடியாக ஆடுவது, கேட்டதை எடுத்துக் காட்டுவது, இனம் இருந்தால் அதையே போடுவது, இல்லாதபோது வெட்டுவது என்று பிரிட்ஜின் எலும்புக்கூடு முழுக்க அவர் கையில் ஏற்கெனவே இருக்கிறது.

பிரிட்ஜ் இந்த மலைக்கு வேறு வாசல் வழியாக வந்தது. றதல்லையில் 1856இல் தொடங்கிய டிம்புள்ள கிளப் போன்ற துரைமார் கிளப்புகளின் உலகத்தைச் சேர்ந்த ஆட்டம் அது. லயத்துக்குள் அது வராமல் போனதற்கு ஆட்டத்தின் கடினம் காரணமே இல்லை. கிளப்பின் கதவுதான் காரணம். இன்று அந்தக் கதவு ஒரு பொருட்டில்லை. 52 சீட்டும் ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். அமெரிக்கரான ஹரல்ட் வான்டர்பில்ட் 1925இல் ஒரு கப்பல் பயணத்தில் இன்றைய கொன்ட்ராக்ட் பிரிட்ஜின் புள்ளிக் கணக்கை வகுத்தார். தலவாக்கலை சென் கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியதும் அதே வருடம்தான். 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவில் பிரிட்ஜ் முதல் தடவையாகச் சேர்க்கப்பட்டபோது ஆண்கள் ஜோடிப் போட்டியில் தங்கம் வாங்கியவர்கள் கொல்கத்தாவைச் சேர்ந்த பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும். ஒருவருக்கு 60 வயது, மற்றவருக்கு 56. பெரிய வயதில் தொடங்கினால் வருமா என்று தயங்குகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

விதிகளை முந்தைய அத்தியாயங்களில் பார்த்துவிட்டோம். இந்த அத்தியாயத்தின் வேலை வேறு. முந்நூற்று நாலில் ஊறிய கை எதை அப்படியே கொண்டுவர வேண்டும், எதை வாசலிலேயே விட்டு வர வேண்டும் என்பதுதான் இங்கே விஷயம்.

எதை விட வேண்டும்

முதலில் சீட்டின் மதிப்பு. முந்நூற்று நாலில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76. நாலு இனத்துக்கும் சேர்த்து 304. வங்காளத்தின் இருபத்தொன்பதிலும் கேரளத்தின் இருபத்தெட்டிலும் இதே ஜாக்கி, ஒன்பது வரிசைதான். பிரிட்ஜில் ஆசுதான் தலை. பிறகு ராஜா, ராணி, ஜாக்கி, பத்து என்று இறங்கிக்கொண்டே போகும். ஒன்பதைக் கண்டால் மனம் துள்ளும் பழக்கம் சில நாள் தொல்லை தரும், தானாகவே போய்விடும்.

சுற்றும் மாறுகிறது. முந்நூற்று நாலில் வழக்கமாக வலப்பக்கமாகப் போகும் ஆட்டம் இங்கே இடப்பக்கமாகப் போகிறது. இதுவும் சின்ன விஷயம்தான்.

பெரிய விஷயம் இது: முந்நூற்று நாலில் புள்ளிதான் சாமான். ஆட்டம் முழுக்க அதைத்தான் அள்ளுகிறோம். ஒன்றுமில்லாத ஏழும் எட்டும் சேர்ந்த பிடி போனால் கவலையில்லை. ஜாக்கி விழுந்த பிடி போனால் கை போச்சு. பிரிட்ஜில் எல்லாப் பிடிக்கும் ஒரே மதிப்பு. ஆசும் ராஜாவும் ராணியும் ஒன்றாக விழுந்த பிடியும் ஒன்று, நாலு சில்லறைச் சீட்டு விழுந்த பிடியும் ஒன்று. கேள்வி கேட்கும்போது ஆசுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று எண்ணுகிறோமே, மொத்தம் 40 புள்ளி, அது கையின் பலத்தை மட்டுக்கட்டுவதற்கு மட்டும். முதல் சீட்டு மேசையில் விழுந்ததும் அந்தப் புள்ளிகளுக்கு வேலை முடிந்தது. அதன் பிறகு பிடிகளை எண்ணுகிறவர் வெல்வார்; தன் ராஜாவையும் ராணியையும் காப்பாற்ற நினைக்கிறவர் தோற்பார்.

கேள்வியின் விலை

முந்நூற்று நாலில் 160 கேட்டுத் தோற்றால் என்ன ஆகும்? பல இடங்களிலும் உள்ள வழக்கப்படி, 200க்குக் கீழே கேட்டு வென்றால் ஒன்று கிடைக்கும், தோற்றால் இரண்டு போகும். 200க்கு மேல் வென்றால் இரண்டு, தோற்றால் மூன்று. அதாவது, கேட்பவர் எப்போதும் கிடைப்பதைவிட அதிகத்தைப் பணயம் வைக்கிறார். மூன்று முறை கேட்டால் இரண்டு முறையாவது வென்றால்தான் கைக்குக் கை சரி. இந்தக் கணக்கை யாரும் தாளில் போட்டதில்லை என்றாலும், வருடக்கணக்காக ஆடுகிறவரின் உடம்பில் அது ஏறியிருக்கிறது. அதனால்தான் நல்ல முந்நூற்று நாலு ஆட்டக்காரர் பிரிட்ஜுக்கு வந்ததும் பயந்து பயந்து கேட்கிறார். அவருடைய நிதானம் அங்கே சரி, இங்கே நஷ்டம்.

கணக்கைப் பாருங்கள். உங்கள் பக்கம் வல்னரபிள். ஸ்பேட் துரும்பு. 9 பிடி நிச்சயம், பத்தாவது சந்தேகம். 3 ஸ்பேட்டில் நிறுத்தினால் 9 எடுத்தாலும் 140 கிடைக்கும், 10 எடுத்தால் 170. 4 ஸ்பேட் கேட்டு 10 எடுத்தால் 620. 9தான் வந்தால் 100 போகும். ஆகவே கேட்டு வென்றால் கூடுதலாகக் கிடைப்பது 450. கேட்டுத் தோற்றால் இழப்பது, வரவேண்டிய 140உம் கொடுத்த 100உம் சேர்ந்து 240. 690இல் 240 என்றால் ஏறக்குறைய 35 வீதம். பத்தாவது பிடிக்கு மூன்றில் ஒரு வாய்ப்புக்குச் சற்று மேல் இருந்தாலே 4 ஸ்பேட் கேட்பது சரியான கேள்வி. வல்னரபிள் இல்லாவிட்டால் 4 ஸ்பேட்டுக்கு 420தான். லாபம் 250, நஷ்டம் 190. அப்போது 43 வீதம் தேவை. அதுவும் பாதிக்குக் கீழேதான்.

எனவே கேம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் கேட்டுவிடுங்கள். வல்னரபிளாக இருக்கும்போது இன்னும் துணிந்து கேளுங்கள். புதிதாகப் படிப்பவர்கள் பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வல்னரபிள் என்ற சொல்லே அவர்களைப் பயமுறுத்திவிடுகிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. 2 ஸ்பேட் கேட்டு 9 பிடி எடுத்தாலும் 140, 3 ஸ்பேட் கேட்டு 9 எடுத்தாலும் அதே 140. கேமுக்குப் போகும் எண்ணம் இல்லாமல், எதிரிகளும் விரட்டாமல், தானாக 2லிருந்து 3க்கு ஏறுவதில் ஒரு சதம் லாபமும் இல்லை, ஆபத்து மட்டும்தான்.

ஸ்லாம் வந்தால் கணக்கு மறுபடி மாறும். 6 ஸ்பேட்டுக்கு, வல்னரபிளோ இல்லையோ, சரிபாதி வாய்ப்பு தேவை. 13 பிடியும் எடுக்கிறேன் என்று 7 கேட்பதற்கு 67 வீதம், அதாவது மூன்றில் இரண்டு. முந்நூற்று நாலின் எச்சரிக்கை பிரிட்ஜில் பொருந்துகிற ஒரே இடம் இதுதான் என்பது என் எண்ணம். பழைய நிதானத்தைப் பத்திரமாக வைத்திருந்து 7 கேட்கும்போது எடுத்துப் பயன்படுத்துங்கள்.

பொதுவான அளவுகோல் ஒன்று: இரண்டு கையும் சேர்ந்து 25 அல்லது 26 புள்ளி இருந்தால் 3 நோட்ரம்ப் அல்லது 4 ஆட்டின், 4 ஸ்பேட். 33 இருந்தால் சிறிய ஸ்லாம். 37 இருந்தால் பெரிய ஸ்லாம். கிளாவரிலும் டைமனிலும் கேமுக்கு 11 பிடி வேண்டும் என்பதால் 3 நோட்ரம்ப் முடியுமா என்று முதலில் பாருங்கள்.

புள்ளிக்குள் என்ன இருக்கிறது

இந்த அளவுகோல் மட்டம் பார்க்கத்தான். இரண்டு கைகளை அருகருகே வைத்துப் பாருங்கள்.

முதல் கை:
ஸ்பேட்: ஆசு, ராஜா, 8, 6, 4
ஆட்டின்: ஆசு, 9, 7, 5
டைமன்: 6, 3
கிளாவர்: 7, 2

இரண்டாவது கை:
ஸ்பேட்: ஜாக்கி, 8, 6, 4, 3
ஆட்டின்: ராணி, 9, 7, 5
டைமன்: ராஜா, ஜாக்கி
கிளாவர்: ராஜா, ராணி

முதல் கைக்கு 11 புள்ளி, இரண்டாவதுக்கு 12. ஆனாலும் நான் முதல் கையில் 1 ஸ்பேட் கேட்பேன். இரண்டாவதில் பாஸ் சொல்வேன். முதல் கையின் புள்ளி முழுவதும் நீளமான இனங்களில் இருக்கிறது. ஆசும் ராஜாவும் கீழே உள்ள சில்லறைச் சீட்டுகளை வளர்த்துவிடும். மூன்று பிடி எழுதி வைத்தது போல. இரண்டாவது கையில் ஓர் ஆசுகூட இல்லை. கிளாவரில் ராஜாவும் ராணியும் துணையில்லாமல் நிற்கின்றன. எதிரி ஆசை அடித்தால் ஒன்று விழும், மிஞ்சுவது ஒரே பிடி. அந்த இனத்தின் 5 புள்ளி ஒரு பிடிக்குத்தான். டைமனில் ராஜாவோடு நிற்கும் ஜாக்கி பெரும்பாலும் வெறும் சீட்டு. மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது தராசு காட்டுவது அத்தனையும் கொழுந்து அல்ல, தண்ணீரைக் கழிக்க வேண்டும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். தனித்து நிற்கும் ராணிகளும் ஜாக்கிகளும் அந்தத் தண்ணீர்தான்.

இதை வாய்பாடாக்க நினைக்காதீர்கள். ஜோடி பேசத் தொடங்கியதும் கையின் மதிப்பு ஒவ்வொரு கேள்விக்கும் ஏறி இறங்கும். உங்களிடம் டைமனில் ஒற்றைச் சீட்டு இருந்து, ஜோடி உங்கள் ஸ்பேட்டை ஆதரித்தால் அந்த ஒற்றை பொன். அதே கையில் ஜோடி டைமனையே திரும்பத் திரும்பக் கேட்டால் அது முள். எதிரிகள் கேட்ட இனத்தில் உங்கள் ராஜா இருக்கிறதென்றால், கேட்டவர் உங்கள் வலப்பக்கத்தில் இருக்கும்போது அந்த ராஜா பிடி எடுக்க வாய்ப்பு அதிகம். ஆசு உங்களுக்கு முன்னால் விழும். இடப்பக்கத்தில் இருந்தால் பாதி மதிப்புதான் கொடுங்கள்.

கண் சாடை

இதை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். நம் ஊர் ஆட்டங்களில் சாடை காட்டுவது ஒரு கலை போலவே வளர்ந்திருக்கிறது. மூக்கைச் சொறிந்தால் ஒன்று, சீட்டை அழுத்தி வைத்தால் ஒன்று. பிரிட்ஜில் இதற்கு இடமே இல்லை. ஜோடிக்குள் என்ன உடன்பாடு வைத்திருந்தாலும் அது எதிரிகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2 கிளாவருக்கு என்ன அர்த்தம் என்று அவர்கள் கேட்டால் சொல்லியே ஆக வேண்டும். யோசித்து யோசித்துப் பாஸ் சொன்னால் அந்தத் தயக்கத்தை வைத்து ஜோடி முடிவெடுப்பதும் குற்றம். இதைக் கட்டுப்பாடாக நினைத்தால் கசக்கும். ஆனால் எல்லாம் வெளிச்சத்தில் இருப்பதால்தான் எதிரியின் பேச்சிலிருந்து நீங்களும் சீட்டைப் படிக்க முடிகிறது. பிரிட்ஜின் மிக அழகான பகுதி அங்கேதான் திறக்கிறது. கொஞ்சம் பின்னால் அதற்கு வருவோம்.

முதல் சீட்டுக்கு முன்

கேட்டு வென்ற ஜோடியில் அந்த இனத்தை அல்லது நோட்ரம்பை முதலில் கேட்டவர் டிக்ளேரர். இடப்பக்கத்தவர் முதல் சீட்டைப் போட்டதும் எதிரே ஜோடியின் 13 சீட்டும் டம்மியாக மேசையில் விரிகின்றன. முந்நூற்று நாலில் எட்டுச் சீட்டை மட்டும் பார்த்து ஆடிய ஒருவருக்கு 26 சீட்டு கண்முன்னே தெரிகிறது. இது பெரிய செல்வம். ஆனால் புதியவர் செய்வது என்ன? முதல் சீட்டு விழுந்த அதே வேகத்தில் டம்மியிலிருந்து ஒன்றை எடுத்துப் போடுகிறார். கைவிட்டுப் போகும் கொன்ட்ராக்டுகளில் பெரும்பகுதி அந்த ஒரு நிமிடத்தில்தான் போகிறது.

நில்லுங்கள். நோட்ரம்ப் என்றால் நிச்சயமாக வரும் பிடிகளை எண்ணுங்கள். துரும்பு ஆட்டம் என்றால் உங்கள் கையிலிருந்து போகப்போகும் பிடிகளை எண்ணுங்கள். எத்தனை குறைகிறது, அது எங்கிருந்து வரும், அதை எடுக்கப் போகும்போது யார் உள்ளே வருவார், அவர் வந்தால் என்ன செய்வார்? இந்த நான்கு கேள்விக்கும் விடை வந்த பிறகே முதல் சீட்டு.

ஒரு கை. நீங்கள் 3 நோட்ரம்ப்.

டம்மி:
ஸ்பேட்: 7, 4
ஆட்டின்: ராஜா, 8, 5
டைமன்: ஆசு, ராணி, ஜாக்கி, 10, 6
கிளாவர்: 9, 7, 2

உங்கள் கை:
ஸ்பேட்: ஆசு, 8, 5
ஆட்டின்: ஆசு, 7, 6
டைமன்: 9, 8, 4
கிளாவர்: ஆசு, ராஜா, ராணி, 4

இடப்பக்கத்தவர் ஸ்பேட் ராஜாவை ஆடுகிறார். எண்ணுங்கள்: ஸ்பேட்டில் 1, ஆட்டினில் 2, கிளாவரில் 3, டைமன் ஆசு 1. மொத்தம் 7. இரண்டு குறைகிறது. டைமனில் ராஜா ஒன்றைத் தவிர எல்லாம் நம்மிடம். ராஜா போனாலும் நாலு பிடி வரும், மொத்தம் 10. ஆகவே பிரச்சினை டைமன் இல்லை. டைமன் ராஜா வலப்பக்கத்தவரிடம் இருந்து, அவர் உள்ளே வந்து, தன் ஜோடிக்கு ஸ்பேட்டைத் திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் பிரச்சினை.

ஸ்பேட் ஆசை உடனே போட்டு, டைமன் 9ஐ ஆடி விட்டீர்கள் என்று வைப்போம். வலப்பக்கத்தவர் ராஜாவால் எடுத்து ஸ்பேட் திருப்புகிறார். இடப்பக்கத்தவரிடம் ஐந்து ஸ்பேட் இருந்தால் மிச்சம் நாலையும் அடிப்பார். டைமன் ஒன்று, ஸ்பேட் நாலு. ஐந்து பிடி போய்விட்டது. கொன்ட்ராக்ட் ஒன்றில் விழுந்தது.

இப்போது முதல் ஸ்பேட்டை விட்டுக்கொடுங்கள். இரண்டாவதையும் விடுங்கள். "ஆசு கையில இருக்கு, ஏன் தம்பி சும்மா குடுக்கிற?" என்று பின்னால் நின்று பார்க்கும் மாமா கேட்பார். கேட்கட்டும். மூன்றாவது சுற்றில் ஆசால் எடுங்கள். ஸ்பேட் ஐந்தும் மூன்றுமாகப் பிரிந்திருந்தால் வலப்பக்கத்தவரிடம் இனி ஸ்பேட் இல்லை. அவர் டைமன் ராஜாவால் வந்தாலும் திருப்பிக் கொடுக்க ஒன்றும் கிடையாது. நாலும் நாலுமாகப் பிரிந்திருந்தால் அவரிடம் ஸ்பேட் இருக்கும். ஆனால் எதிரிகளுக்கு மொத்தம் மூன்று ஸ்பேட், ஒரு டைமன், நாலு பிடிதான். 9 பிடி நமக்கு. டைமன் ராஜா இடப்பக்கத்தவரிடம் இருந்தால் அவர் உள்ளே வரவே வழியில்லை.

எத்தனை தடவை விட வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. அந்த இனத்தில் உங்கள் கையிலும் டம்மியிலும் சேர்த்து எத்தனை சீட்டு என்று பார்த்து, ஏழிலிருந்து கழியுங்கள். இங்கே ஐந்து சீட்டு. இரண்டு தடவை விட வேண்டும். ஆறு இருந்தால் ஒரு தடவை. வேறோர் இனத்தில் இதைவிடப் பெரிய ஓட்டை இருந்தால் இந்தக் கணக்கை மறந்துவிட்டு உடனே எடுத்துவிடுங்கள்.

இனித் துரும்பு ஆட்டம். நீங்கள் 4 ஸ்பேட்.

டம்மி:
ஸ்பேட்: ராணி, 7, 3
ஆட்டின்: 9, 2
டைமன்: ஆசு, 8, 6, 4
கிளாவர்: ஜாக்கி, 7, 6, 2

உங்கள் கை:
ஸ்பேட்: ஆசு, ராஜா, ஜாக்கி, 10, 6
ஆட்டின்: ஆசு, 8, 4
டைமன்: ராஜா, 7, 3
கிளாவர்: ஆசு, 5

ஆட்டின் ராஜா முதல் சீட்டு. போகப்போகும் பிடிகள்: ஆட்டினில் 2, டைமனில் 1, கிளாவரில் 1. நாலு. ஒன்று அதிகம். முந்நூற்று நாலில் பலமான துரும்பு கையில் இருந்தால் எதிரியின் துரும்பை முதலில் இழுத்துவிடத் தோன்றும். இங்கே இழுத்தால், மூன்று சுற்றில் டம்மியின் மூன்று துரும்பும் சேர்ந்தே போய்விடும். பிறகு அந்த நாலு பிடியையும் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

டம்மியில் ஆட்டின் இரண்டே சீட்டு என்பதைக் கவனியுங்கள். ஆசால் எடுத்து, உடனே ஒரு சிறிய ஆட்டினை ஆடி எதிரியிடம் விட்டுவிடுங்கள். விஷயம் தெரிந்த எதிரி துரும்பைத் திருப்புவார். டம்மியிலிருந்து 3ஐப் போட்டு கையில் எடுங்கள். இப்போது மூன்றாவது ஆட்டினை ஆடி டம்மியில் வெட்டுங்கள், ராணியால். 7ஆல் வெட்டினால் வலப்பக்கத்தவர் அதற்கு மேலே வெட்டிவிட வழியுண்டு. உங்களிடம் இன்னும் பெரிய துரும்புகள் நிற்கும்போது ராணியைச் சேமிப்பதில் பயனில்லை. ராணிக்குப் புள்ளி இருக்கிறதே என்று கை தயங்கும். அது முந்நூற்று நாலின் தயக்கம். வெட்டிய பிறகு துரும்பை இழுங்கள். டைமனில் ஒன்று, கிளாவரில் ஒன்று, ஆட்டினில் ஒன்று கொடுத்து 10 பிடி.

குட்டையான கையின் துரும்பால் வெட்டினால்தான் கூடுதல் பிடி என்பதையும் இந்தக் கை காட்டுகிறது. ஐந்து துரும்பு உள்ள உங்கள் கையில் வெட்டியிருந்தால், எப்படியும் வரவேண்டிய பிடியைத்தான் முன்கூட்டி எடுத்திருப்பீர்கள்.

ராணி யாரிடம்

எதிரிகளிடம் ஓர் இனத்தில் ராணி மட்டும் பெரிய சீட்டாக இருக்கிறது. ஃபினெஸ் பார்த்து அதைப் பிடிக்கப் போவதா, விழும் என்று ஆசையும் ராஜாவையும் அடிப்பதா? எதிரிகளின் சீட்டு எப்படிப் பிரியும் என்பதற்கு நிலையான கணக்கு உண்டு. நாலு சீட்டு வெளியே இருந்தால் 2-2 ஆகப் பிரிய 41 வீதம், 3-1 ஆகப் பிரிய 50 வீதம். ஐந்து இருந்தால் 3-2க்கு 68, 4-1க்கு 28. ஆறு இருந்தால் 3-3க்கு 36 வீதம்தான், 4-2க்கு 48. வெளியே இரட்டைப்படையில் சீட்டு இருந்தால் சமமாகப் பிரியும் என்று நம்பாதீர்கள். ஒற்றைப்படையில் இருந்தால் கூடியவரை சமமாகவே பிரியும்.

நம்மிடம் எட்டுச் சீட்டு இருந்து ராணி இல்லையென்றால் ஃபினெஸ் மேல். ஒன்பது இருந்தால் அடித்துப் பார்ப்பது ஓரிரு வீதம் மேல். அந்த ஓரிரு வீதம் மிகச் சிறிய வித்தியாசம்; கேள்வியிலிருந்து சிறு துப்பு கிடைத்தாலும் அதன் பக்கம் போங்கள்.

இரண்டு இனத்தில் வாய்ப்பு இருந்து, ஒன்று தவறினால் எதிரி உள்ளே வந்து கையை முடித்துவிடுவார் என்ற நிலை அடிக்கடி வரும். ஓர் இனத்தில் நம்மிடம் எட்டுச் சீட்டு, ஆசும் ராஜாவும் ஜாக்கியும் உண்டு. இன்னோர் இனத்தில் சாதாரண ஃபினெஸ். ஏதாவது ஒன்றில் ஃபினெஸ் பார்த்தால் 50 வீதம், அவ்வளவுதான். ஆனால் எட்டுச் சீட்டு இனத்தில் முதலில் ஆசையும் ராஜாவையும் அடியுங்கள். ராணி அதில் விழ 33 வீதம். விழாவிட்டால், எதிரிக்குப் பிடி கொடுக்காமலேயே மற்ற இனத்தின் ஃபினெஸுக்குப் போகலாம். இரண்டும் சேர்ந்து 66 வீதம். கையில் சீட்டு கூடவில்லை. ஆடும் வரிசை மட்டும் மாறியது.

இப்போது எதிரியின் பேச்சைப் படிப்பதற்கு வருவோம். இடப்பக்கத்தவர்தான் சீட்டைக் கலக்கிப் போட்டவர். அவர் முதலில் பாஸ் சொன்னார். பிறகு நீங்கள் 4 ஆட்டினில் நிற்கிறீர்கள். அவர் ஸ்பேட் ஆசையும் ராஜாவையும் அடித்தார். பின்னர் கிளாவர் ஆசால் ஒன்று எடுத்தார். மூன்று பிடி போய்விட்டது. மிச்சம் டைமனில் ஒன்றுகூடப் போகக்கூடாது. டம்மியில் ஆசு, ஜாக்கி, 6. உங்கள் கையில் ராஜா, 10, 5. ராணியை எந்தப் பக்கமும் பிடிக்கலாம். யாரிடம் என்று தெரிந்தால் போதும்.

இடப்பக்கத்தவர் காட்டியது ஸ்பேட்டில் 7, கிளாவரில் 4. பதினொன்று. டைமன் ராணியும் அவரிடம் இருந்தால் 13. பதின்மூன்று புள்ளியோடு முதலில் பேசும் வாய்ப்பில் ஒருவர் பாஸ் சொல்வாரா? மாட்டார். ராணி வலப்பக்கத்தவரிடம் இருக்கிறது. டம்மியின் ஆசை அடித்து, அங்கிருந்தே ஜாக்கியை ஆடுங்கள். வலப்பக்கத்தவர் ராணியைப் போட்டால் ராஜாவால் எடுங்கள், 10 வளர்ந்துவிடும். போடாவிட்டால் கையிலிருந்து 10ஐப் போட்டு ஜாக்கியை ஓடவிடுங்கள். முந்நூற்று நாலில் விழுந்த ஜாக்கிகளையும் ஒன்பதுகளையும் ஒன்று விடாமல் நினைவில் வைத்திருக்கிற உங்களுக்கு, எதிரி காட்டிய புள்ளியைக் கூட்டிக்கொண்டே வருவது கடினமே இல்லை. அந்த ஞாபகசக்தியை அப்படியே கொண்டுவாருங்கள். மேசையில் மற்றவர்களைவிட நீங்கள் முன்னால் நிற்கும் இடம் அதுதான்.

பயிற்சி

எட்டுப் பேர் சேர்ந்தால் நல்லது. இரண்டு மேசை போடலாம். ஒரு மேசையில் சீட்டைக் கலக்கிப் போட்டு ஆடுங்கள். ஆனால் பிடிகளை நடுவில் சேர்க்க வேண்டாம். அவரவர் சீட்டை அவரவர் முன்னாலேயே கவிழ்த்து வையுங்கள். நம் பிடியென்றால் நீளவாக்கில், எதிரியுடையது என்றால் குறுக்குவாக்கில். கை முடிந்ததும் நாலு பேரின் 13 சீட்டையும் நாலு கடித உறைகளில் போட்டு, வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று எழுதி அடுத்த மேசைக்குக் கொடுங்கள். அங்கே அதே கை மறுபடி ஆடப்படும். நல்ல சீட்டு வந்ததால் வென்றோம் என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

முதல் சில வாரங்கள் ஒரு மாலைக்கு எட்டுக் கைக்கு மேல் வேண்டாம். டம்மி விரிந்ததும் டிக்ளேரர் கொப்பியில் இரண்டு வரி எழுதட்டும்: எத்தனை பிடி இருக்கிறது அல்லது போகிறது, குறைவது எங்கிருந்து வரும். எழுதிய பிறகே முதல் சீட்டு. இரண்டு மேசையிலும் ஆடி முடித்ததும் கொப்பிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே கொன்ட்ராக்ட் ஒரு மேசையில் நின்று மறு மேசையில் விழுந்திருந்தால், எந்தப் பிடியில் இரண்டும் பிரிந்தன என்று சீட்டை விரித்துத் தேடுங்கள். முதலிரண்டு பிடிகளுக்குள்ளேயே அது பெரும்பாலும் அகப்படும். வல்னரபிள் கணக்கைச் சேர்ப்பது, எட்டுக் கையிலும் எழுதுவது பழக்கமான பிறகு. எதிர்ப்பக்கம் உட்கார்ந்து இந்தக் கொன்ட்ராக்டுகளை உடைப்பது எப்படி என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்; இதே உறைகளை அதற்கும் கலைக்காமல் வைத்திருங்கள்.